எஞ்சிய ஆயுள்: கணக்கா, ரெப்ளிகாவா, வெட்டிப் பார்ப்பதா?

540 டிகிரி செல்சியஸில் 2 லட்சம் மணி நேரம் தாங்கக்கூடிய பாய்லரில் நீராவியை மேலும் சூடாக்கும் ஒரு சூப்பர்ஹீட்டர் டியூபை 550 டிகிரியில் ஓட்டினால் 98,500 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பத்து டிகிரிக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஐந்து டிகிரி பிசகினாலே 2 லட்சம் 1.4 லட்சமாகச் சுருங்குகிறது. கன்ட்ரோல் ரூம் திரையில் 540 என்று தெரியும்தான். ஆனால் அது எல்லா டியூபிலிருந்தும் வந்து கலந்த நீராவியின் வெப்பநிலை. நெருப்புக்கு நடுவில் தொங்கும் ஒரு குறிப்பிட்ட டியூபின் உலோகம் இருபது ஆண்டுகளாக எந்தச் சூட்டில் இருந்தது என்று யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள்.

பழைய பாய்லருக்கு எஞ்சிய ஆயுள் மதிப்பீடு என்றதும் வரும் திட்டங்கள் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கைப் பட்டியலாகவே வரும். இத்தனை ரெப்ளிகா (உலோக மேற்பரப்பிலிருந்து எடுக்கும் நுண்ணமைப்பு அச்சு), இத்தனை தடிமன் அளவீடு, இத்தனை டியூப் மாதிரி. எந்தப் பாகத்துக்கு எந்த முறை, எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பது அதில் இருக்காது. கைவசம் உள்ள முறைகளை எடைபோட்டுப் பார்க்கும்போது எங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். உலோகத்தின் உண்மையான வெப்பநிலையைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு முதல் பணம் போக வேண்டும். மற்றச் சோதனைகள் அதற்குப் பிறகுதான்.

மணிக்கணக்கு எல்லாப் பாகத்துக்கும் பொருந்தாது

உயர் வெப்பத்தில், தொடர்ந்த தகைவின் (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) கீழ், உலோகம் வருடக்கணக்கில் மெல்ல நீண்டு உள்ளுக்குள் குழிவிழுந்து முறிவதுதான் கிரீப். "இன்னும் எத்தனை மணி நேரம்" என்ற கேள்விக்குப் பொருள் இருப்பது இந்தச் சேதம் நடக்கும் இடங்களில் மட்டும்தான்.

நீரும் நீராவியும் பிரியும் உருளையான டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். 180 பார் அழுத்தத்தில் நீர் கொதிப்பது ஏறக்குறைய 357 டிகிரியில். டிரம் உலோகம் அதற்கு மேல் போவதில்லை; அங்கே கிரீப் ஒரு பொருட்டே இல்லை. டிரம்மைத் தின்பது ஸ்டார்ட், ஸ்டாப், மேல் கீழ் வெப்பநிலை வித்தியாசம், நீர் வேதியியல். எனவே அங்கே எண்ண வேண்டியது எத்தனை முறை குளிர்ந்த நிலையிலிருந்து ஏற்றினோம் என்பதைத்தான். டவுன்கமர் (நீரைக் கீழே இறக்கும் குழாய்) நாசில், ஃபீட் (நீர் உள்ளே வரும்) நாசில், உள்ளே பற்றவைத்த தாங்கிகள் ஆகிய வெல்டுகளில் ஈரமுறை ஒளிரும் காந்தத்துகள் சோதனை செய்தால் போதிய விடை கிடைக்கும். டிரம்மின் வெளிப்புறத்தில் ரெப்ளிகா எடுத்து "நுண்குழி எதுவும் இல்லை" என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. இருக்க வாய்ப்பே இல்லாததைத் தேடிக் காணவில்லை என்று சொல்வதற்குக் காசு கொடுப்பானேன்?

உலையின் சுவராக நிற்கும் நீர்க்குழாய்களான வாட்டர்வாலிலும் அப்படியே. அங்கே வேண்டியவை தடிமன் வரைபடமும், வெட்டிய டியூபின் உட்புறப் படிவு அளவும், படிவுக்கு அடியில் ஹைட்ரஜன் சேதம் இருக்கிறதா என்ற சோதனையும். உள்ளே வரும் நீரை முன்கூட்டிச் சூடாக்கும் எக்கனமைசரின் இன்லெட் ஹெடரில் (பல டியூப்கள் வந்து சேரும் தடித்த குழாய்), சூடான உலோகத்தின் மேல் குளிர்ந்த நீர் அடித்து டியூப் துளையின் ஓரத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று போரோஸ்கோப் (உள்ளே நுழைக்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்க்க வேண்டும். நீர் தெளித்து நீராவியின் சூட்டைக் குறைக்கும் அட்டெம்பரேட்டரில் உள்ளுறையான லைனரையும் ஸ்ப்ரே நாசிலையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் விலகிய பிறகு கிரீப் கணக்குக்கு மிஞ்சுவது கடைசிக்கட்ட சூப்பர்ஹீட்டர், ரீஹீட்டரின் (டர்பைனிலிருந்து திரும்பும் நீராவியை மறுபடி சூடாக்குவது) வெளிவாய்ப் பகுதி, அவற்றின் அவுட்லெட் ஹெடர்கள், அங்கிருந்து டர்பைனுக்குப் போகும் மெயின் ஸ்டீம், ஹாட் ரீஹீட் குழாய்கள். கீழே சொல்லும் ஒப்பீடு முழுவதும் இவற்றுக்குத்தான்.

முதல் வழி: ஆவணங்களை வைத்துக் கணக்கு

பாய்லரை நிறுத்த வேண்டியதில்லை, செலவும் குறைவு. உலோக வகை, வரைபடத் தடிமன், ஓடிய மணி நேரம், அழுத்தம், வெப்பநிலை வரலாறு இருந்தால் போதும். வழக்கமான கருவி லார்சன்-மில்லர் எண். கெல்வினில் எடுத்த வெப்பநிலையை, முறிவு நேரத்தின் மடக்கையோடு 20-ஐக் கூட்டிய தொகையால் பெருக்கினால் அது கிடைக்கும். ஒரே தகைவில் இந்த எண் மாறாது என்பதுதான் அடிப்படை. முதல் பத்தியில் சொன்ன எண்கள் அப்படி வந்தவையே.

தகைவு கணக்கிடுவதும் எளிது. அழுத்தத்தைச் சராசரி விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வெளிவிட்டம் 51 மி.மீ., தடிமன் 7.1 மி.மீ., அழுத்தம் 17 மெகாபாஸ்கல் என்றால் தகைவு 52.6 மெகாபாஸ்கல். சாம்பல் அரித்து 6 மி.மீ. ஆகிவிட்டால் 63.8. கிரீப் ஆயுள் தகைவின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று கொண்டால், இந்த 1.1 மி.மீ. தேய்மானம் ஆயுளை 38 சதவீதமாகக் குறைத்துவிடும்.

இதில் அதிகம் பேர் விழும் பள்ளம் சராசரி. பாதி நேரம் 530-இலும் பாதி நேரம் 550-இலும் ஓடிய டியூபுக்கு, சராசரி 540 என்று போட்டு 2 லட்சம் மணி என எழுதிவிடுவார்கள். 530-இல் ஆயுள் 4.13 லட்சம், 550-இல் 98,500. ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஓடிய நேரத்தை அங்கே உள்ள ஆயுளால் வகுத்து, பங்குகளைக் கூட்டி, தொகை 1 ஆகும்போது ஆயுள் தீர்ந்தது என்று கொள்வது ராபின்சன் விதி. அதன்படி கூட்டினால் வருவது 1.59 லட்சம்தான். அதிலும் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றது சூடான பாதி. ஆக, தேவைப்படுவது வெப்பநிலைப் பட்டைவாரியாக மணி நேரம். மாதச் சராசரிகள் இந்தக் கணக்குக்கு உதவாது.

இரண்டாவது பள்ளம் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) இருக்கும் இடம். கூரைக்கு மேலே பெண்ட்ஹவுஸில், வாயுப்பாதைக்கு வெளியே டியூபில் பொருத்தியவை காட்டுவது ஏறக்குறைய நீராவி வெப்பநிலையை. உள்ளே வாயுவில் நிற்கும் உலோகம் அதைவிட 20, 30 டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். அதோடு பக்கத்துப் பக்கத்துக் காயில்களுக்கு (மடித்து வளைத்த டியூப் வரிசைகளுக்கு) இடையிலேயே வித்தியாசம் இருக்கும். வாயு ஒரு பக்கம் சாய்ந்து ஓடும் பாய்லர்களில் இடது வலது வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, உலோகத்தின் சிதறல். ஒரே தர எஃகின் முறிவுத் தரவுகள் சராசரிக் கோட்டுக்கு இருபுறமும் தகைவில் 20 சதவீதம் பரவும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதே ஐந்தாம் அடுக்கில் போட்டால், பட்டையின் கீழ் விளிம்பு உலோகத்துக்கும் மேல் விளிம்பு உலோகத்துக்கும் ஆயுளில் ஏழரை மடங்கு வித்தியாசம். உங்கள் டியூப் எந்த விளிம்பில் இருக்கிறது என்பது ஆவணத்தில் இருக்காது.

"1 லட்சம் மணி தாண்டியாயிற்று, இனி ஆயுள் இல்லை" என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.-யின் நெறிமுறைப்படி, கிரீப் பகுதியில் அனுமதிக்கும் தகைவு 1 லட்சம் மணியில் முறிக்கும் சராசரித் தகைவில் 67 சதவீதத்தையும், குறைந்தபட்சத் தகைவில் 80 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஆகவே வடிவமைத்த வெப்பநிலையிலேயே ஓடிய, சராசரி உலோகத்தால் ஆன பாகம் 1 லட்சம் மணியில் சாகாது. பல மடங்கு தாங்கும். அந்தத் தாராளத்தை விழுங்குவது கூடுதல் வெப்பநிலை, தேய்மானம், வெல்டு ஆகிய மூன்றும்.

இத்தனை ஓட்டை இருந்தாலும் கணக்கைத் தள்ளிவிட முடியாது. சரியான தேதியை அது தராவிட்டாலும், எந்தப் பாகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையை நன்றாகவே தரும். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12952-4 கிரீப், சோர்வு இரண்டையும் கூட்டிக் கணக்கிடும் ஒழுங்கான முறையைத் தருகிறது. ஆய்வு நிறுத்தத்துக்கு ஆறு மாதம் முன்பே இதை முடித்து வைத்தால் ஸ்கஃபோல்டிங் எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் வழி: டியூபுக்குள் வளர்ந்த ஆக்சைடு

எங்கள் பார்வையில் சூப்பர்ஹீட்டர், ரீஹீட்டர் டியூப்களுக்குச் செலவுக்கேற்ற பலன் அதிகம் தருவது இதுதான். நீராவி பட்டுப் பட்டு டியூபின் உட்சுவரில் மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) ஓடு வளர்கிறது. அதன் தடிமன் அந்த இடத்தின் வெப்பநிலையையும் நேரத்தையும் பொறுத்தது. நேரம் நமக்குத் தெரியும். எனவே ஓட்டின் தடிமனிலிருந்து, அந்த டியூப் இத்தனை காலம் அனுபவித்த செயல்விளைவு வெப்பநிலையைத் திருப்பிக் கணக்கிடலாம். எந்த மீட்டரும் வைக்காமல், ஒவ்வொரு டியூபும் தனக்குத் தானே எழுதி வைத்த பதிவேடு அது. அந்த வெப்பநிலையையும், அதே இடத்தில் அளந்த மிச்சத் தடிமனையும் கொண்டுபோய் முதல் வழியின் கணக்கில் போட்டால், கணக்கின் பெரிய ஓட்டை அடைபடுகிறது.

அளக்க வழக்கமான தடிமன் மீட்டர் போதாது. மெல்லிய ஓட்டின் எதிரொலியைப் பிரித்துக் காட்ட உயர் அதிர்வெண் அல்ட்ராசானிக் புரோப் வேண்டும். டியூபின் வெளிப்புறச் சாம்பலையும் ஆக்சைடையும் நெருப்பு பார்க்கும் பக்கத்தில், விரல் அகலத்துக்கு, பளபளப்பாகும் வரை கிரைண்ட் செய்ய வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் எதிரொலி கலங்கிவிடும். வேலை வேகமானது, தயார் செய்த இடத்தில் ஓர் அளவுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. டியூபை வெட்ட வேண்டாம் என்பதால் நூற்றுக்கணக்கான டியூப்களை ஒரே நிறுத்தத்தில் அளக்க முடிகிறது. அப்போதுதான் எந்த காயில் தனியாகச் சுடுகிறது என்பது படமாகத் தெரியும்.

எங்கே அளப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். எல்லோரும் போவது வெளிவாய்க் காலுக்கு. அங்கே வெப்பம் அதிகம், ஆனால் உலோகமும் உயர்தரம். ஒரே காயிலில் டி-11-இலிருந்து (குரோமியம் குறைந்த எஃகு) டி-22-க்கு (குரோமியம் கூடிய எஃகு) மாறும் வெல்டுக்கு முந்தைய ஒரு மீட்டரைப் பாருங்கள். தாழ்ந்த தர உலோகம் தன் எல்லையின் உச்சியில் நிற்கும் இடம் அது. கிரீப் கசிவுகள் பல அங்கேதான் பிறக்கின்றன. கூடவே கையடக்க எக்ஸ்-கதிர் கருவியால் உலோக வகையையும் சரிபார்த்துவிட வேண்டும். பழைய கசிவு ஒன்றைச் சரிசெய்த இரவில் கைக்குக் கிடைத்த டியூபைப் போட்டிருப்பார்கள். வரைபடம் டி-22 என்று சொல்லும், தொங்குவது டி-11 ஆக இருக்கும். அந்தக் கருவி குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் காட்டும், கார்பனைக் காட்டாது. இந்தத் தேவைக்கு அதுவே போதும்.

எங்கே ஏமாற்றும்? ஓடு உரிந்து விழுந்திருந்தால் அளவு குறைவாகக் காட்டும். கணித்த வெப்பநிலை தாழும், ஆயுள் பொய்யாக நீளும். மிகச் சூடான டியூபில்தான் ஓடு தடித்து உரியும் என்பதால், இந்தப் பிழை ஆபத்தான பக்கம் சாய்கிறது. சுற்றிலும் உள்ள டியூப்கள் 0.5 மி.மீ. காட்டும்போது நடுவில் ஒன்று மட்டும் 0.2 காட்டினால், அது குளிர்ந்த டியூப் என்று மகிழாமல் வெட்டிப் பாருங்கள். அடியில் வளைவுகளில் உரிந்த ஓடு குவிந்திருக்கிறதா என்று ரேடியோகிராஃபி எடுத்துப் பார்ப்பதும் நல்லது. குவியல் நீராவியை அடைத்தால் அது தனிப் பிரச்சினை. சில மணி நேரத்திலேயே டியூப் வெடிக்கும். இன்னொன்று, இந்த முறையின் வளர்ச்சிச் சூத்திரங்கள் டி-11, டி-22 போன்ற குரோம்-மாலி எஃகுகளுக்கு நன்கு பொருந்தும். குரோமியம் இன்னும் அதிகமுள்ள டி-91, ஆஸ்டெனிடிக் எஃகு என்று போகும்போது ஓட்டின் அடுக்கமைப்பே வேறு. அதே சூத்திரத்தைப் போட்டால் விடை வராது.

மூன்றாம் வழி: ரெப்ளிகாவும் கடினத்தன்மையும்

ஹெடர், தடித்த குழாய் ஆகியவற்றை வெட்ட முடியாது. அவற்றுக்குள் ஆக்சைடு அளந்தும் பெரிய பயன் இல்லை. அங்கே உலோகத்தின் நுண்ணமைப்பை மேற்பரப்பிலிருந்தே அச்சு எடுக்கும் ரெப்ளிகாதான் நடைமுறை. அதற்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 3057.

செய்முறையை நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் தவறுகள் அங்கேதான். வெல்டு, அதன் வெப்பப் பாதிப்பு மண்டலம் (வெல்டின் சூட்டால் மாறிய பக்கத்து உலோகம்), தாய் உலோகம் மூன்றும் ஒரே பட்டையில் வரும்படி இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே உள்ள ஆக்சைடையும், கார்பன் இழந்த தோலையும் போக்க அரை மி.மீ. அளவுக்குக் கிரைண்ட் செய்ய வேண்டும். தோல் மிச்சமிருந்தால் நாம் பார்ப்பது பாகத்தின் உண்மையான நுண்ணமைப்பு இல்லை. பிறகு 120-இல் தொடங்கி 240, 400, 600, 1000 என எமரித் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் திசை மாற்றி. அடுத்து 6, 3, 1 மைக்ரான் வைரப் பசை. பின் 2 முதல் 4 சதவீத நைட்டாலால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) எட்ச், அதாவது மேற்பரப்பை லேசாக அரித்து நுண்ணமைப்பைத் தெரியவைப்பது. ஒருமுறை எட்ச் செய்ததோடு நின்றுவிடக் கூடாது. பாலிஷ் செய்யும்போது உலோகம் இழுபட்டு நுண்குழிகளின் வாயை மூடியிருக்கும். மறுபடி பாலிஷ், மறுபடி எட்ச் என்று இரண்டு மூன்று சுற்று போனால்தான் அவை திறக்கும். கையடக்க நுண்ணோக்கியில் பார்த்துத் திருப்தியான பிறகே அசிட்டோன் தெளித்து செல்லுலோஸ் அசிடேட் படலத்தை அழுத்த வேண்டும். உலர்ந்ததும் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். நிறுத்தம் அவசரம் என்று உலோகம் ஆறும் முன்பே படலம் வைத்தால், 56 டிகிரியில் கொதித்துவிடும் அசிட்டோன் குமிழியிட்டு அச்சு முழுக்க வட்டப் புள்ளிகளாகிவிடும். அனுபவமில்லாதவர் கண்ணுக்கு அவையும் நுண்குழிகளாகத் தெரியும். அதிகம் எட்ச் செய்ததால் பிடுங்கப்பட்ட கார்பைடுகள் விட்ட பள்ளங்களும் அப்படியே.

அச்சைத் தரம் பிரிக்க 1983-இல் நாய்பாவரும் வேடலும் தந்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தனித்தனி நுண்குழிகள் இருந்தால் அடுத்த பெரிய பராமரிப்பு வரை ஓட்டலாம். குழிகள் ஒரு திசையில் வரிசைகட்டத் தொடங்கினால் ஒன்றரை முதல் மூன்று ஆண்டுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நுண்விரிசலானால் ஆறு மாதத்துக்குள் பழுது நீக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விரிசலானால் உடனே.

கவனியுங்கள், இந்த வகைப்பாடு தருவது ஆய்வு இடைவெளியை. மணிக்கணக்கை அல்ல. நுண்குழிகள் ஆயுளின் எத்தனையாவது சதவீதத்தில் தோன்றும் என்பது உலோகத்துக்கு உலோகம், வெல்டுக்கு வெல்டு மாறுகிறது. "ரெப்ளிகாப்படி எஞ்சிய ஆயுள் 87,000 மணி" என்ற வரியைக் கண்டால் எந்தச் சமன்பாட்டில் வந்தது என்று கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிறுத்தங்களாக எடுத்த ரெப்ளிகாக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்தான் இந்த முறையின் பலமே.

ரெப்ளிகாவுக்குத் தெரியாதவை

அச்சு மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. மூன்று இடங்களில் இது பெரிய குறை.

ஒன்று, நீளவாக்கில் பற்றவைத்துச் செய்த ஹாட் ரீஹீட் குழாய்கள். 1985-இல் அமெரிக்காவின் மொஹாவே மின்நிலையத்தில் அத்தகைய குழாய் நீளவாக்கு வெல்டில் பிளந்து ஆறு பேர் இறந்தார்கள். இந்த வெல்டுகளில் சேதம் சுவரின் உள்ளே வளரக்கூடியது. வெளிப்புறம் சுத்தமாக இருப்பது எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபேஸ்டு அரே அல்லது டி.ஓ.எஃப்.டி. வகை அல்ட்ராசானிக்கால் வெல்டின் முழு நீளத்தையும் முழுத் தடிமனையும் துழாவ வேண்டும். இந்தக் குழாய் உங்களிடம் இருந்தால், ரெப்ளிகா எண்ணிக்கையைக் குறைத்தாவது இதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

இரண்டு, அவுட்லெட் ஹெடரின் லிகமென்ட், அதாவது டியூப் துளைகளுக்கு நடுவே உள்ள உலோகப் பாலம். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் டியூபிலிருந்து வரும் நீராவியும் ஹெடர் உலோகமும் வேறு வேறு வெப்பநிலையில் மோதுவதால் விரிசல் துளையின் உட்புறத்தில் தொடங்கி, பக்கத்துத் துளையை நோக்கி நடக்கிறது. வெளியே வரும்போது காலம் கடந்திருக்கும். ஒரு சில டியூப் ஸ்டப்களை வெட்டியோ கைத்துளை வழியோ போரோஸ்கோப் விட வேண்டும். அதற்கு முன் துளையின் ஆக்சைடைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஓடு மூடியிருந்தால் விரிசல் தெரியாது, ஓட்டில் உள்ள கீறல்களை விரிசல் என்று எண்ணவும் வாய்ப்பு உண்டு.

மூன்று, பி-91, அதாவது டி-91 எஃகின் குழாய், ஹெடர் வடிவம். இதன் வெல்டுகளில் வெப்பப் பாதிப்பு மண்டலத்தின் வெளி ஓரத்தில் வரும் நான்காம் வகை விரிசல் பெரும்பாலும் சுவரின் நடுவில் தொடங்குகிறது. நுண்குழிகளும் மிகச் சிறியவை. ஒளி நுண்ணோக்கியில் தப்பிவிடும். பி-91-இன் பலம் அதன் வெப்பச்செயலாக்கத்தில் இருக்கிறது. அது பிழைத்திருந்தால் வேதியியல் சரியாக இருந்தும் உலோகம் மென்மையாகி, கிரீப் வலிமையை இழந்திருக்கும். எனவே இங்கே முதல் கருவி கையடக்கக் கடினத்தன்மை மீட்டர்தான். 190 முதல் 250 பிரினெல் எண்ணை எதிர்பார்க்கலாம். அதற்குக் கீழே வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மேல்தோலை இன்னும் அரை மி.மீ. நீக்கி மறுபடி அளந்து பாருங்கள். மேலே கார்பன் இழந்த தோலால் வந்த போலித் தாழ்வா, உண்மையிலேயே மென்மையா என்பது அப்போது தெரியும். உண்மை என்றால் கணக்கில் தர எஃகின் சராசரி வலிமையைப் போடவே கூடாது.

நான்காம் வழி: வெட்டி எடுத்துச் சோதிப்பது

டியூபை வெட்டி, ஆய்வகத்தில் கிரீப் முறிவுச் சோதனை. உலோகச் சிதறல் என்ற சிக்கலைத் தீர்ப்பது இது ஒன்றுதான், ஏனென்றால் சோதிப்பது உங்கள் டியூபையே. தகைவை இயங்கும் அளவிலேயே வைத்துக்கொண்டு வெப்பநிலையை மட்டும் உயர்த்துவது வழக்கம். டி-22 என்றால் 620, 640, 660, 680, 700 டிகிரி என ஐந்து மாதிரிகள். வெப்பநிலைக்கு எதிரே முறிவு நேரத்தின் மடக்கையைக் குறித்து, கோட்டை இயங்கு வெப்பநிலை வரை நீட்டினால் எஞ்சிய ஆயுள். நேரம் குறைக்கத் தகைவை ஏற்றும் ஆய்வகங்கள் உண்டு. வேண்டாம், தகைவு ஏறினால் முறியும் விதமே மாறிவிடும், விடை சேவையோடு ஒட்டாது. 700-க்கு மேல் போனாலும் நுண்ணமைப்பு சேவையில் காணாத வழியில் மாறும்.

காலம்தான் இதன் விலை. குறைந்த வெப்பநிலை மாதிரி 3,000 மணி ஓடினால் நான்கு மாதம். நிறுத்தத்தில் வெட்டியதன் முடிவு பாய்லர் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். இதை எதிர்பார்த்து முடிவைத் தள்ளிப்போடுவதைவிட, இந்த நிறுத்தத்தில் வெட்டி, அடுத்த நிறுத்தத்தில் எதை மாற்றுவது என்று தீர்மானிக்கப் பயன்படுத்துவதுதான் சரி.

சோதனை மாதிரி சிறியது. காற்றில் சூடாக்கினால் ஆக்சிஜனேற்றமே அதன் குறுக்குவெட்டைத் தின்று ஆயுளைக் குறைத்துக் காட்டும். ஆர்கான் சூழலில் செய்தார்களா என்று கேளுங்கள். டியூப் மாதிரிகளை நீளவாக்கில்தான் வெட்ட முடியும், ஆனால் சேவையில் டியூபைப் பிளப்பது சுற்றுவாக்குத் தகைவு என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய ஒரு டியூப் ஆயிரம் டியூப்களுக்குச் சாட்சி சொல்ல முடியாது. எட்டுவதற்கு எளிதான ஓரக் காயிலில் வெட்டியிருந்தால் அது பாய்லரிலேயே குளிர்ந்த டியூபாகவும் இருக்கலாம். ஆக்சைடு அளவீடு முதலில், அது காட்டும் மோசமான டியூபில் வெட்டுவது அடுத்து என்ற வரிசையை மாற்றவே கூடாது.

தடித்த பாகங்களுக்கு, மேற்பரப்பிலிருந்து மெல்லிய துண்டைச் சுரண்டி எடுத்து, 8 மி.மீ. விட்டமும் அரை மி.மீ. தடிமனும் உள்ள வில்லையாக்கிச் சிறு குத்துச் சோதனை செய்யலாம். 2021-இல் இ.என். 10371 என்று இதற்குத் தரநிலையே வந்துவிட்டது. ஆனால் வில்லையிலிருந்து முழுப் பாகத்தின் ஆயுளுக்குப் போக இன்னொரு மாற்றுக்கணக்கு வேண்டும். பி-91 ஹெடர் மென்மையாக இருக்கிறதா என்ற ஐயத்தைத் தீர்க்க உதவும். வழக்கமான ஆய்வில் சேர்க்க வேண்டியதில்லை.

எதற்கு எது

நிறுத்தம் பத்து நாளுக்குள் என்றால் கணக்கோடு ஆக்சைடு அளவீடும், மிக மோசமான வெல்டுகளில் சில ரெப்ளிகாக்களும் போதும். மீதி நேரத்தை நீளவாக்கு வெல்டு அல்ட்ராசானிக்குக்குக் கொடுங்கள். பெரிய ஓவர்ஹால் என்றால் ஹெடர் உட்புறம் போரோஸ்கோப், டியூப் வெட்டுதல் இரண்டையும் சேர்க்கலாம். ஐந்து ஆண்டில் ஆலையை மூடப்போவது உறுதி என்றால் கிரீப் சோதனை வீண். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தடித்த பாகங்களை மட்டும் பாருங்கள், டியூப் கசிவை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். இன்னும் பதினைந்து ஆண்டு ஓட்ட வேண்டும் என்றால் டியூப் கட்டுகளை மாற்றுவது எப்படியும் வரும். அவற்றின் ஆயுளைத் துல்லியமாக அறியச் செலவழிப்பதைவிட ஹெடர்களில் கவனம் வையுங்கள். ஹெடர் வாங்கித் தரப் பல மாதம் ஆகும், டியூப் அப்படியல்ல.

மாற்றுவதா, பழுதுபார்ப்பதா என்ற விவாதத்தில் பலர் விட்டுவிடும் மூன்றாவது கதவு ஒன்று உண்டு. வெப்பநிலையைக் குறைத்து ஓட்டுவது. 540-இலிருந்து 535-க்கு இறக்கினால் அதே கணக்கில் மிச்ச ஆயுள் 43 சதவீதம் கூடுகிறது; 50,000 மணி என்பது 71,700 ஆகும். அழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தால் கிடைப்பது 29 சதவீதம். சுழற்சித் திறனில் இழப்பு உண்டுதான். ஆனால் புது ஹெடர் வந்து சேரும் வரை இரண்டு ஆண்டு கடத்த வேண்டியிருந்தால், அந்த இழப்பு மலிவு. சில காயில்கள் மட்டும்தான் சுடுகின்றன என்றால் முழு பாய்லரையும் இறக்க வேண்டாம். அந்தக் காயில்களை உயர்தர உலோகத்துக்கு மாற்றுவதோ, பர்னர் சமநிலையைச் சரிசெய்வதோ போதும்.

ஹைட்ரோ டெஸ்ட் தாங்கியதால் பாய்லர் நன்றாக இருக்கிறது என்ற வாதத்தை ஏற்காதீர்கள். குளிர்ந்த நீரில் அழுத்தம் தாங்குவது இன்று ஓட்டை இல்லை என்பதை மட்டும் சொல்லும். 540 டிகிரியில் நடக்கும் சேதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அறிக்கை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை சில. ஆயுள் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வெப்பநிலை, எந்தத் தடிமன், சராசரித் தரவா கீழ் எல்லைத் தரவா என்பது எழுதியிருக்க வேண்டும். பத்து டிகிரி கூடினால் அந்த எண் என்னவாகும் என்ற வரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கணித்த எஞ்சிய ஆயுளில் பாதி கழிவதற்குள் மறு ஆய்வு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 80,000 மணி என்று சொன்னால் 40,000-க்குள் பாருங்கள், அப்போது புது அளவை வைத்துக் கணக்கையும் புதுப்பித்துவிடலாம்.

ரெப்ளிகா எடுத்த ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் அருகிலுள்ள வெல்டிலிருந்து மி.மீ. கணக்கில் குறித்து, ஹெடரிலும் தாழ்தகைவு முத்திரை அடித்து வையுங்கள். வெட்டிய டியூபில் சோதனைக்குப் போகாமல் மிஞ்சிய துண்டையும் தூக்கி எறிய வேண்டாம். எந்த காயில், கூரையிலிருந்து எத்தனை மீட்டர், நெருப்புப் பக்கம் எது, நீராவி போகும் திசை எது என்று பொறித்து, இரு முனையையும் மூடி, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால், அடுத்த முறை பக்கத்து டியூபை வெட்டும்போது ஓடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை ஸ்கேல் வைத்தே காட்டிவிடலாம்.